புள்ளியக்கா வீட்டுப் புள்ளி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் புள்ளியக்காவைப் பற்றிப் பேசும்போது மட்டும் யார் மேல் கோபப்படுவதென்றே எனக்குத் தெரிவதில்லை. மேனேஜர் மேலா, சாஃப்ட்வேர்க்காரன் மேலா, அவள் மேலேயேவா, இல்லை என் மேலா? ஒரு நாளைக்கு ஒருத்தர் என்று முறை வைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு என் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வீடு வீடாக ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டு போய்க் கொடுக்கிறவர்கள். நான்கு வண்டி, நூற்று நாற்பத்தாறு வீடு. மூன்றாம் நம்பர் வண்டி என்னுடையது. எந்த வண்டி எந்த வீட்டுக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வழி போட்டு, அதை எங்கள் வண்டியில் இருக்கிற ஜிபிஎஸ் மெஷினில் ஏற்றித் தருவது அக்காவின் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு மேஜை, இரண்டு திரை, கால் ஆடுகிற ஒரு நாற்காலி. பதினோரு வருஷம் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எனக்குப் பழகிடுச்சு என்பாள்.

மேப்பில் ஒரு வீட்டைக் குறிக்க வைக்கிற அடையாளத்தைப் புள்ளி என்போம். அந்தப் புள்ளிக்காக அவள் போடாத சண்டை இல்லை. ஒருமுறை நான் புது வீடு ஒன்றுக்குத் தெருமுனையிலேயே புள்ளி வைத்துவிட்டு வந்தேன். பார்த்ததும் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டாள்.

“மூச்சு முட்டுறது தெருவுக்கா, தெருவுல இருக்கிற ஆளுக்கா?”

“ஆளுக்குதாங்க்கா.”

“அப்போ வாசல்ல போய் நின்னு வச்சுட்டு வாங்க.”

மறுபடி ஏழு கிலோமீட்டர் போய் வாசலில் நின்று வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்றைக்குப் புள்ளியக்கா என்று நான் வைத்த பேர்தான் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் தெரியும். போனை எடுத்தால் அவளே “புள்ளியக்கா பேசுறேன்” என்பாள்.

ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் குறிப்பு எழுதி வைத்திருப்பாள். பின்பக்கக் கேட்டுதான் திறக்கும். அம்மாவுக்குக் காது கேட்காது, ஜன்னலைத் தட்டவும். லிஃப்ட் செவ்வாய்க்கிழமை ஓடாது. நாய் சத்தம் போடும், ஒன்றும் செய்யாது. அந்த நாய் என்னை இரண்டு தடவை கடித்திருக்கிறது, அது வேறு விஷயம். போய்ச் சொன்னபோது “உங்களை மட்டும்தான் கடிக்குது, அதையும் எழுதணுமா?” என்று கேட்டாள்.

இந்த மேப்பை அவள் காப்பாற்றி வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் கதவைச் சாத்திக்கொள்வாள். மொத்த மேப்பையும் மூன்று காப்பி எடுப்பாள். ஒன்று அந்தக் கம்ப்யூட்டரிலேயே. ஒன்று பென் டிரைவில், அது மேஜை டிராயரில் பூட்டில் இருக்கும். இன்னொன்று ஹார்ட் டிஸ்க்கில், அதைப் பழைய துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவாள். டிப்போ எரிந்து போனாலும் மேப் பிழைக்க வேண்டுமாம். எடுத்த காப்பி ஒவ்வொன்றையும் திறந்து, ஏதாவது ஐந்து வீட்டைப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பாள். “தொறந்து பாக்காத காப்பி காப்பியே இல்ல தம்பி” என்பாள். பதினோரு வருஷத்தில் ஒரு புள்ளிகூட அவள் கையில் தொலைந்தது கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டும், அவளுக்கு வேறு என்ன இருந்தது.

அவள் வீட்டுக்காரரும் எங்களிடம் சிலிண்டர் வாங்குகிறவர்தான். கல் அறுக்கிற பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, அந்தத் தூசியையெல்லாம் நெஞ்சுக்குள் வாங்கி வைத்திருந்தார். மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நான் அவளை அக்கா என்பதால் அவரை மாமா என்பேன். அவர் விடுவாரா, என்னை மச்சான் ஆக்கிவிட்டார்.

“வா மச்சான். நீ வந்தாதான் எனக்கு மூச்சே வருது. உங்கக்கா வந்தா நின்னுடுது.”

“அக்காகிட்ட சொல்றேன் மாமா.”

“சொல்லு. சிலிண்டரை மட்டும் வச்சுட்டுப் போய்ச் சொல்லு.”

ஒருநாள் விட்டு ஒருநாள் போவேன். பெரிய சிலிண்டர் ஒன்று இரண்டு நாள் வரும். அதற்கு மேல் அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர், அது இரண்டு மணி நேரம்தான் தாங்கும். நான் பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் போய்விடுவதால் அந்தச் சின்னதைத் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. என் வரிசையில் அவர் வீடு ஒன்பதாவது. உங்க கையிலதானே வரிசை, உங்க வீட்டை முதல்ல போட்டுக்க வேண்டியதுதானே என்று ஒருமுறை கேட்டேன்.

“என் வீட்டை நானே முதல்ல போட்டுட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்தரை ஒன்பதாவதா போடுவேன்?” என்றாள்.

அதோடு விட்டாளா? தன் வீட்டு விவரத்தைத் தன் கையால் தொடவே மாட்டேன் என்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். கேட்கிற ஆளும் எழுதுகிற ஆளும் ஒருத்தராக இருக்கக் கூடாதாம். மாமாவுக்கு டாக்டர் ஆக்ஸிஜன் லிட்டரைக் கூட்டினாலும் ஃபாரம் எழுதி மேனேஜரிடம் கொடுத்து, அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மேப்பில் ஏற்றுவாள். ஆபீஸில் யாரும் இதை அவளிடம் கேட்கவில்லை. அவளாகவே போட்டுக்கொண்ட விலங்கு அது. இதை நினைத்தால்தான் எனக்கு அவள் மேல் கோபம் வரும்.

அந்த வருஷம் மாமாவால் மூன்று மாடி ஏற முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பினால், கீழ்ப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இளைப்பார். அதனால் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து மாறினார்கள். மாறின அன்றைக்கே அக்கா முகவரி மாற்ற ஃபாரத்தை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டாள். எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் மேஜைக்குப் போன காகிதம் கிணற்றில் போட்ட கல்தான். இரண்டு தடவை போய் ஞாபகப்படுத்தினாள். பார்க்கிறேம்மா என்றார்.

நான்தான் அவசரக்குடுக்கை. முதல் தடவை புது வீட்டுக்குச் சிலிண்டர் இறக்கியபோது, வாசலில் நின்று என் மெஷினிலேயே ஒரு புள்ளி வைத்தேன். பேர் கேட்டது, ‘மாமா’ என்று போட்டேன். சாயந்தரம் அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“என் மெஷின்ல போட்டாச்சுக்கா. எப்படியும் நான்தானே வரப்போறேன், எதுக்கு அல்லாடுறீங்க?”

“ஃபாரம் வந்ததும் ஆபீஸ் மேப்புல ஏத்திடறேன் தம்பி. அது வரைக்கும் நீங்க பாத்துக்கங்க.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். மூன்று வாரம் பார்த்தும் கொண்டேன். ஆபீஸ் மேப்பில் மட்டும் அவள் வீடு பழைய மூன்றாவது மாடியிலேயே இருந்தது.

அப்போதுதான் அந்த அப்டேட் வந்தது. பழைய சாஃப்ட்வேர் இனி ஓடாது, புதியதுக்கு மாற வேண்டும் என்று கடிதம். பழையதில், டிரைவர்கள் தங்கள் மெஷினில் வைத்த புள்ளி மெஷினிலேயே கிடக்கும். புதியதில் ஆபீஸ் மேப் இறங்கும்போது மெஷினில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு இறங்கும். அக்கா இதைப் படித்துப் புரிந்துகொண்டவள். அதனால்தான் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான்கு மெஷினையும் வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் வண்டி வாரியாகத் தனித்தனியாகக் காப்பி எடுத்தாள். சனிக்கிழமை சாயந்தரம் நான்கு மணிக்கு, வண்டிகள் திரும்பிய பிறகு அப்டேட். ஞாயிறு லீவு. திங்கட்கிழமை விடியற்காலையில் டிரைவர் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து ஆபீஸ் மேப்பில் சேர்ப்பது. இதுதான் ஏற்பாடு. அவள் ஏற்பாட்டில் ஒரு ஓட்டை கிடையாது. அதனால்தான் நானும் கவலைப்படாமல் சனிக்கிழமை லீவு போட்டேன். கடவாய்ப் பல் ஒன்று ஒரு மாதமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

சாஃப்ட்வேர்க்காரன் சனிக்கிழமை காலை ஆறரைக்கே வந்து நின்றான். மத்தியானம் வேறு ஆபீஸுக்குப் போக வேண்டுமாம்.

“வண்டி கிளம்பறதுக்குள்ள நாலு மெஷினையும் முடிச்சுடலாம் மேடம். அப்புறம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏறுறதுக்குத்தான் நேரமாகும். அது பாட்டுக்கு ஓடட்டும்.”

அவள் உடனே சரி சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அவனை வாசலில் காக்க வைத்துவிட்டு, பட்டியலை எடுத்து நூற்று நாற்பத்தாறு வீட்டையும் ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துச் சரி போட்டிருக்கிறாள். மற்ற டிரைவர்கள் வைத்த புள்ளியில் நான்கு வீடு வாசல் மாறியிருந்தது, அந்த நான்கையும் அப்போதே கையால் திருத்தியிருக்கிறாள். ஒன்பதாவது வரியில் தன் வீடு வந்தபோதும் சரி போட்டிருக்கிறாள். அந்தப் பட்டியலை நான் பார்த்தேன். மற்ற சரிகளைப் போலவே அதுவும் நேராக, அழுத்தமாக இருக்கிறது. பேர் சரி, சிலிண்டர் அளவு சரி, வரிசை சரி. முகவரி மட்டும் பழைய மூன்றாவது மாடி. தன் பேரையும் தன் வீட்டையும் யார் இரண்டாம் தடவை உற்றுப் பார்க்கிறார்கள்? நான் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். புது வீட்டுப் புள்ளி என் மெஷினில் மட்டும்தான் இருக்கிறது என்று அவளையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

என் வண்டியை அன்றைக்கு ஓட்டியவர் வேறு டிப்போவிலிருந்து வந்த மாற்று டிரைவர். நல்ல மனுஷர். ‘மாமா’ புள்ளி துடைபட்டுப் போன மெஷின் காட்டிய இடத்துக்குப் போயிருக்கிறார். அந்தச் சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறியிருக்கிறார். மணி அடித்திருக்கிறார். கதவில் பூட்டு. பட்டியலில் இருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறார். அது பழைய வீட்டில் இன்னும் கழற்றாமல் கிடந்த லேண்ட்லைன். பூட்டின வீட்டுக்குள்ளேயே மணி அடித்திருக்கிறது. பத்து நிமிஷம் நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. நின்றிருக்கிறார். ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று மெஷினில் அழுத்திவிட்டு, சீட்டிலும் எழுதிவிட்டுச் சிலிண்டரோடு இறங்கி வந்துவிட்டார். வேறு நாளாக இருந்தால் அவர் அழுத்திய அடுத்த நொடியே அக்காவின் திரையில் சிவப்பு விழுந்திருக்கும். அன்றைக்கு அந்தத் திரையில் அப்டேட் முப்பது சதவீதம், நாற்பது சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றரைக்கு வண்டிகள் திரும்பின. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அக்கா அறையை விட்டு வெளியே வந்திருக்கிறாள். லோடுமேன் சொன்னான், முகமெல்லாம் சிரிப்பாக வந்தாளாம். என் வண்டியில் காலி சிலிண்டர்களுக்கு நடுவே சீல் உடைக்காத ஒன்று நின்றது.

“இது யாருக்குக் கொடுக்காம வந்துடுச்சு?” என்று கேட்டிருக்கிறாள்.

மாற்று டிரைவர் சீட்டைப் பார்த்து ஒன்பதாம் நம்பர் என்றார். செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். லோடுமேன்தான் அந்தச் சிலிண்டரோடு வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் அவளை ஏற்றிக்கொண்டான்.

மாமா நாற்காலியிலிருந்து இறங்கிக் கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். பெரிய சிலிண்டர் தீர்ந்ததும் சின்னதைத் தானே மாட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் தீர்ந்து வெகு நேரம் ஆகியிருந்தது. வண்டி எந்த நிமிஷமும் வந்துவிடும் என்று வாசலுக்கு வரப் பார்த்திருப்பார் போல. கதவை உள்ளிருந்து திறந்துதான் வைத்திருந்தார்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பத்துக்கு என் போன் அடித்தது. நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்தேன். பையிலேயே அடித்து ஓய்ந்தது. வெளியே வந்து பார்த்தால் ‘மாமா’ என்று இருந்தது. வாயெல்லாம் பஞ்சு, பாதி முகம் மரத்துப் போயிருந்தது. இப்போது பேசினால் வாய் குழறும், மனுஷர் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரிப்பார், சாயந்தரம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஐஸ்க்ரீம் சாப்பிடச் சொன்னார்கள், வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்து போனேன். லீவு என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. நான்தான் வண்டியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அப்போது இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட.

அந்தச் சனிக்கிழமை சாயந்தரமே மேனேஜர் அந்த ஃபாரத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை அது அக்காவின் மேஜை மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

“இப்ப எதுக்கு சார் இது?”

“ரெக்கார்டுக்குப்பா.”

கையை ஓங்கிவிட்டேன். லோடுமேன் இடுப்பைப் பிடித்து இழுத்திராவிட்டால் இன்றைக்கு எனக்கு வேலை இருந்திருக்காது. வேலை போயிருந்தாலும் பரவாயில்லை, ஒரு அறை விட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும். அந்த அறை எனக்கு விழ வேண்டியது என்று அப்புறம் தோன்றும்.

மாமாவின் காரியமெல்லாம் முடிந்து, பதினைந்து நாள் கழித்து அக்கா வேலைக்கு வந்தாள். வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் பந்தயம் கட்டாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தோம். நேராக அறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

“கதவைச் சாத்திட்டு உக்காருங்க தம்பி.”

உட்கார வேறு நாற்காலி இல்லை. பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கைப்பையிலிருந்து துண்டில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டினாள். மூன்றாம் வண்டி என்று இருந்ததைத் திறந்தாள். என் மெஷினில் இருந்த புள்ளியெல்லாம் வரிசையாக வந்தது. கீழே போகப் போக, ‘மாமா’.

“இது நீங்க வச்ச பேரா?”

“ஆமாங்க்கா.”

பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி சரியாக வாசலில் இருந்தது.

“எல்லாம் பத்திரமா இருக்கு தம்பி. ஒண்ணுகூடப் போகல.”

அவள் பழைய வீட்டையும் அந்தப் புள்ளியையும் தட்டி, நடுவில் வழி போடச் சொன்னாள். புது சாஃப்ட்வேர் வேகமாகத்தான் இருந்தது. ஒரு கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர், நான்கு நிமிஷம் என்று காட்டியது.

“அந்த டிரைவர் மாடியில எவ்வளவு நேரம் நின்னாராம்?”

“பத்து நிமிஷம்னு சீட்டுல இருக்குதுங்க்கா.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அது முகத்திலேயே தெரிந்தது. யார் மேலாவது கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்த அறையில் அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அக்கா, அன்னிக்கு மாமா எனக்கு போன் பண்ணினார். ரெண்டு பத்துக்கு. பல் டாக்டர்கிட்ட இருந்தேன், எடுக்கல. அப்புறம் பாத்தும் திருப்பிக் கூப்பிடல. சாயந்தரம் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும். அவரோட போன்ல பாத்தேன்.”

பதினைந்து நாளாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் அழுதுவிட்டேன். ஐம்பது வயசு ஆள், பெட்டி மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவள் அந்தத் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். பிறகு, எத்தனையோ தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்ததைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள்.

“உங்களுக்குப் பண்ணினவர் எனக்கு ஏன் பண்ணலன்னு நீங்க கேக்கல பாருங்க. காலைல கிளம்பும்போது நான்தான் சொன்னேன். இன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் எனக்கு போன் பண்ணாதீங்க, மொத்த மேப்பும் என் கையில இருக்கும், கவனம் தப்பிடும்னு. சரிம்மான்னார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் தம்பி. நான் சொன்ன எதையும் அந்த மனுஷன் கேட்டதே இல்ல. அன்னிக்குக் கேட்டிருக்கார்.”